வாசகர் கேள்விகள்: பிள்ளைகளோடு நாடகம்

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளோடு (13 முதல் 17 வயது) நாடகம் போடப் போகிறோம். அவர்களது சொந்தக் கதைகளையே மேடையில் சொல்ல வைத்தால் பார்ப்பவர் மனம் இளகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கைதட்டல் ஓய்ந்த மறுநாளும் அந்தப் பிள்ளை அதே பள்ளிக்குத்தான் போகவேண்டும். வீட்டில் நடந்தது ஊருக்கே தெரிந்துபோயிருக்கும். பார்ப்பவர் மனம் இளகுவதற்கு அந்தப் பிள்ளை இந்த விலை கொடுக்கக் கூடாது. விஷயம் அவர்களுடையதாக இருக்கட்டும், பாத்திரம் கற்பனையாக இருக்கட்டும்.

இதற்குச் சிலை நாடகம் நல்ல வழி. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில், வெவ்வேறு தாய்மொழி பேசுவோரிடையே கையாண்ட முறை இது. நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ‘வாசலிலேயே நிறுத்தப்படுவது’ போல ஒரு பொதுச் சூழலைக் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் யோசித்து, அந்தச் சூழலைக் காட்டும் சிலையாகப் பேசாமல் உறைந்து நிற்கவேண்டும். சுற்றி நிற்பவர்கள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லட்டும்: ‘கை மூடியிருக்கிறது’, ‘ஒருத்தி தரையைப் பார்க்கிறாள்’. ‘கோபம்’, ‘பயம்’ என்று பெயர் வைப்பதைத் தள்ளிப்போடுங்கள். சீக்கிரம் பெயர் வைத்துவிட்டால் எல்லாரும் அந்த ஒரே உணர்ச்சியை நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு இதற்கு முன் நடந்ததைக் காட்டும் சிலை, பின் நடப்பதைக் காட்டும் சிலை என்று கேளுங்கள். மூன்று சிலைகள் சேர்ந்தால் ஒரு காட்சி. பாத்திரத்துக்குக் குழுவில் யாருக்கும் இல்லாத பெயர் வையுங்கள். சிலையை யோசித்துச் சொன்னவரே அந்தப் பாத்திரத்தை நடிக்க வேண்டாம்.

முடித்ததும் வேடத்தைக் கழற்றும் சடங்கு கட்டாயம். கை கால்களை உதறி, அவரவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, இன்று மாலை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். நேரமாகிவிட்டதென்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால், அடிபட்டவன் வேடம் போட்ட பிள்ளை அதே மனநிலையோடு படுக்கப் போகும்.

யாராவது தனக்கு நடக்கும் கொடுமையைச் சொல்லிவிட்டால், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கவனமாகக் கேட்டு, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவியுங்கள். அதை நாடகத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வெளியிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்து 16 பேர் பெயர் கொடுத்தார்கள். ஒத்திகைக்கு 9 பேர்தான் வருகிறார்கள், அதுவும் வேறு வேறு ஆட்கள்.

பதில்: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வேலை, பேருந்துக் காசு என்று காரணம் இருக்கும். எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். காசை வந்தபின் தருவதைவிட முன்கூட்டியே கொடுங்கள்.

ஆள் குறைந்தாலும் நிற்கும்படி நாடகத்தையே கட்டுங்கள். மூன்று நான்கு நிமிடக் காட்சிகள் ஆறு. எந்தக் காட்சிக்கும் நான்கு பேருக்குமேல் தேவைப்படக் கூடாது. ஒவ்வொரு வேடமும் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். பாத்திரத்துக்கு அடையாளம் ஒரு துண்டோ தொப்பியோ. அதை அணிந்தவரே அன்று அந்த ஆள். மற்றவர்கள் கோரஸ், அதாவது சேர்ந்து குரல் கொடுக்கும் குழு. முதல் 15 நிமிடம் விளையாட்டாக மட்டும் இருந்தால் தாமதமாக வருபவர் எதையும் இழக்கமாட்டார். வராததற்குத் தண்டனையாக வேடத்தைப் பறித்தால் அந்தப் பிள்ளை திரும்பி வராது.

கேள்வி: சிலருக்குச் சரளமாக வாசிக்க வராது. வசனம்?

பதில்: தாளே கொடுக்காதீர்கள். காட்சியை மூன்று தடவை அவர்களாகவே பேசி நடிக்கட்டும். கைப்பேசியில் பதிந்து, கூடி உட்கார்ந்து கேட்டு, பிடித்த வரிகளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பேச்சை நீங்கள் ‘திருத்தி’ எழுதினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

கேள்வி: அரங்கேற்றத்துக்கு யாரை அழைப்பது?

பதில்: முதலில் பிள்ளைகள் சொல்லும் பத்துப் பேர். பெரிய கூட்டம் பிறகு. படம் எடுக்கப் பிள்ளை, பொறுப்பாளர் இருவர் சம்மதமும் வேண்டும். மேடையேறும் நிமிடத்தில் மறுத்தாலும் ஏற்கவேண்டும். அறிமுகம் பேசுபவர் ‘பாவம், ஆதரவற்ற பிள்ளைகள்’ என்று தொடங்கிவிடாதபடி உரையை முன்பே வாங்கிப் பாருங்கள். அந்த வாரத்துக்குள் இன்னொரு சந்திப்புக்கும் நாள் குறித்துவிடுங்கள்; நிகழ்ச்சி முடிந்ததும் பெரியவர்கள் காணாமற்போவது இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன விஷயம்.