ரன்னிங் அடி விலையை மட்டும் பார்த்து எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வேலை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஏ, பி என்று இரண்டு பிளாக்குகள். நடுவில் ஓர் அங்குல இடைவெளி. மழை வந்தால் அது வழியாகத் தண்ணீர் இறங்கி மூன்றாம் மாடி லாபிச் சுவரெல்லாம் ஓதம். சங்கத்தில் இரண்டு முறை சிமென்ட் கலவை வைத்து அடைத்தோம். அடுத்த கோடையிலேயே பிளந்துகொண்டது. இப்போது பாலிசல்பைடு என்ற ரப்பர் போன்ற சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) அடிக்க இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டிலுமே ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று மட்டும்தான் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டையும் திருப்பி அனுப்பி, அகலம், ஆழம் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் சிமென்ட்டை மறந்துவிடுங்கள். அந்த இடைவெளி, கட்டடம் விரிந்து சுருங்க வேண்டுமென்றே விட்டது. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்பது இதுதான். கட்டடம் 45 மீட்டருக்கு மேல் நீண்டால் பொதுவாக இப்படி ஒன்றாவது விட்டுத்தான் வடிவமைக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456.

10 மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். உங்கள் பிளாக் ஒவ்வொன்றும் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் பாதி நீளம் இந்த இடைவெளியைப் பார்த்து நகரும். இரண்டும் சேர்ந்தால் கத்திரி வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் வரை இடைவெளி கூடிக் குறையும். இதைச் சிமென்ட் எப்படித் தாங்கும்?

நல்ல சீலன்ட் பெரும்பாலும் தன் அகலத்தில் 25 சதவீதம் இழுபடவும் அமுங்கவும் கூடியது. உங்கள் 25 மில்லிமீட்டருக்கு அது இரு பக்கமும் 6 மில்லிமீட்டர். மே மாத நடுப்பகலில் இடைவெளி மிகக் குறுகியிருக்கும்போது அடித்தால், பிறகு வரும் 9 மில்லிமீட்டரும் இழுப்பாகவே விழும், ஓரம் பிய்ந்துவிடும். தை, மாசியில் பனி ஈரம் காய்ந்தபின் காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் யாரும் கேட்பதில்லை.

இனி விலை. 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆழம் அதில் பாதி, 12 மில்லிமீட்டர் போதும். ஒரு மீட்டருக்கு 300 மில்லி சரக்கு பிடிக்கும். 20 மீட்டருக்கு 6 லிட்டர், சேதாரம் தனி. டின்னில் கிலோ போட்டிருந்தால் லேபிளில் உள்ள அடர்த்தியால் வகுத்து லிட்டராக்கிக்கொள்ளுங்கள். விலை குறைத்தவர் எத்தனை கிலோ கொண்டுவருவார் என்று கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து பேக்கர் ராட். விரலைவிடப் பருமனான நுரைக் கயிறு. இடைவெளியைவிடக் கால் பங்கு பெரிதாக, உங்களுக்கு 30 மில்லிமீட்டர் அளவில் வாங்கி உள்ளே அழுத்த வேண்டும். சீலன்ட் அதன் மேல்தான் உட்கார வேண்டும். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீள வழியில்லாமல் கிழியும். பழைய சிமென்ட்டை முழுதாக வெட்டியெடுப்பது, உடைந்த விளிம்பைப் பூசிச் சரிசெய்வது, சீலன்ட் பிடிக்க முதலில் பூசும் பிரைமர், இரு ஓரமும் மாஸ்கிங் டேப் எல்லாம் கொட்டேஷனில் இருக்கட்டும். கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான், இருக்கவும் வேண்டும். இரண்டு பாகம் கலக்கும் சரக்கைக் குச்சியால் கிளறினால் ஏற்காதீர்கள். மெதுவாகச் சுற்றும் டிரில்லில் துடுப்பு மாட்டி, நிறக்கோடு தெரியாதவரை கலக்க வேண்டும். டின்னைப் பாதியாகப் பிரித்துக் கலப்பதும் கூடாது.

மொட்டைமாடியில் சீலன்ட்டை மட்டும் நம்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடைவெளியின் இரு பக்கமும் சிறு கட்டைச்சுவர் எழுப்பி, மேலே அலுமினியத் தகடு மூட வேண்டும். தகட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் திருகு. இரு பக்கமும் முடுக்கினால் தகடு நெளியும்.

செலவழிக்கும் முன் ஒன்று. சாவி வாங்கி 5 வருடம் ஆகவில்லை என்றால், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி வேலைத்தரக் குறையை பில்டர் 30 நாளுக்குள் காசில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஈரம் இறங்கும் படங்களோடு எழுத்தில் கேளுங்கள். சங்கம் சிமென்ட் வைத்ததைக் காட்டி அவர் நழுவப் பார்க்கலாம். முதலில் ஒழுகியபோது அனுப்பிய கடிதமோ மின்னஞ்சலோ இருந்தால் அது உதவும்.

கேள்வி: வீட்டு முன்புறம் கார் நிறுத்த 4 அங்குலக் கான்கிரீட் போடுகிறோம். வீட்டுச் சுவர் ஓரம் தெர்மாகோல் வைத்தால் போதும் என்கிறார் மேஸ்திரி.
– வாசகி, கரூர்

பதில்: இடைவெளி விடச் சொன்னவரை முதலில் பாராட்ட வேண்டும், பலர் அதையும் செய்வதில்லை. ஆனால் தெர்மாகோல் ஒரு முறை நசுங்கினால் திரும்பி எழாது. பெட்ரோல் பட்டால் கரைந்தும் போகும். தார் ஊறிய ஃபைபர் போர்டு, 12 மில்லிமீட்டர் தடிமனில் கேளுங்கள். ஐ.எஸ். 1838 என்பது இதற்கான தரம். தளத்தின் முழு ஆழத்துக்கும் நிறுத்தி, மேல் அரை அங்குலத்தை மட்டும் சீலன்ட்டுக்கு விடுங்கள். போர்டின் தலையில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் சீலன்ட் அதில் ஒட்டாது. போர்ட்டிகோ தூணைச் சுற்றியும் இதே வேலை.

இது வேறு, விரிசலை அடக்க வெட்டும் கோடு வேறு. 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழம். வெயில் காலத்தில் அன்று மாலைக்குள்ளேயே வெட்ட வேண்டியிருக்கும். மறுநாள் மதியம்வரை விட்டால் தளம் தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளும்.

கேள்வி: குடோன் தரை ஜாயின்ட்டில் ஹார்டுவேர் கடையில் கிடைத்த சிலிகான் அடித்தோம். டிராலி ஓடி ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது.
– வியாபாரி, ஈரோடு

பதில்: அடிக்கும்போது வினிகர் வாசனை வந்ததா? அது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஆன ரகம், கான்கிரீட்டில் நிலையாகப் பிடிக்காது. வினிகர் வாசனை வராத நியூட்ரல் ரகமாக இருந்தாலும் சக்கரத்துக்கு அது மெத்தை மாதிரி அமுங்கும். விரிசலை அடக்க அறுத்துவிட்ட கோடுகளில் ஓரளவு கடினமான எபாக்சி அல்லது பாலியூரியா நிரப்பினால் விளிம்பு உடையாமல் நிற்கும். உண்மையான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டில் எபாக்சி வேண்டாம், அங்கே தரைக்கென்று வரும், இழுபடக்கூடிய பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். தள்ளுபடியில் வரும் சீலன்ட் பெரும்பாலும் அந்தத் தேதியை நெருங்கியதாகத்தான் இருக்கும்.