ஜெய்சல்மருக்கு 80,000 ரூபாய் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். டிசம்பர் கடைசி வாரத்தில் ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மர் போக ஆசை. ஐந்து நட்சத்திர விடுதி வேண்டாம், அல்லாடவும் முடியாது. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் இருவருக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்கிறார். கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையாகக் கட்டலாமா, வங்கி வைப்புநிதியை உடைக்கலாமா? கையில் 10 மாதம் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்றாலும், பரிசீலனைக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் பின்னாலேயே வந்து நிற்கும். மாதம் 8,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பத்தாவது மாதம் 80,000. இந்தக் குறுகிய காலத்துக்கு வட்டியைத் தேடி அலைவது வீண்வேலை.

முதலில் தேதியை மாற்றுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை எகிறிவிடும். டிசம்பர் இரண்டாவது வாரத்திலும் அதே குளிர், அதே கோட்டைதான்.

ஜோத்பூர் வரை விமானம்: நான்கு டிக்கெட், தலா 8,000 என்று 32,000 ஒதுக்குங்கள். ஆறாவது மாதம் கணக்கில் 48,000 இருக்கும், அப்போதே வாங்கிவிடலாம். அங்கிருந்து ஜெய்சல்மருக்கு ஏசி ரயில், போக வர 3,000. முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும். மூன்று இரவு அறை வாடகை, தலா 4,000 வீதம், 5 சதவீத வரியோடு 12,600. கோட்டைக்குள் தங்க ஆசை வரும். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டிய அந்தக் கோட்டையின் அடித்தளத்தைக் கழிவுநீர்க் கசிவு அரித்துவருகிறது. கீழே தங்கி, மொட்டை மாடியிலிருந்து மஞ்சள் மதில்களைப் பார்ப்பதே என் கட்சி.

ஊருக்கு வெளியே பாலைவனத்தில் உள்ள சாம் மணல்மேட்டில் ஓர் இரவு கூடாரம் 9,000, இரவு உணவு, காலை உணவு சேர்த்து. ஐந்து நாள் மற்றச் சாப்பாடு 7,500. ஆட்டோ, கார், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி 6,000. ஆகமொத்தம் 70,100. மீதி 9,900 தொடக்கூடாத பணம். ரயில் தவறினால் கார் பிடிக்க உதவும்.

அலுவலகத்தில் விடுமுறைப் பயணப்படி (எல்டிஏ) உண்டா? பழைய வருமான வரி முறையில் இருந்தால் விமான, ரயில் கட்டணத்துக்கு மட்டும் விலக்கு கேட்கலாம். விடுதிக்கும் ஒட்டகத்துக்கும் கிடையாது. டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒட்டகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் போனபோது, பாதி வழியில் ஒட்டகத்தை உட்கார வைத்துவிட்டு, "அடுத்த மேட்டில்தான் சூரியன் மறைவது தெரியும், இன்னும் 300 ரூபாய்" என்றார் ஓட்டியவர். கொடுத்தேன், சூரியன் அங்கேயும் அதே நேரத்தில்தான் மறைந்தது. ஏறுவதற்கு முன்பே எந்த மேடு வரை, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று பேசிவிடுங்கள். கூடாரத்தில் ஹீட்டருக்குத் தனிக் காசு உண்டா என்றும் கேளுங்கள். டிசம்பர் இரவு எலும்பில் ஏறும். சில்லறையை ஜெய்சல்மரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மாங்கனியார் எனப்படும் நாட்டுப்புறப் பாடகர்கள் பாடி முடிக்கும்போது 500 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியிருக்காது.