தடுக்கத் தெரிந்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் வேலை செய்கிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். எங்காவது ஒரு பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியிருக்கும். அடுத்து வரப்போவது யார் என்று சகப் பணியாளர்கள் பட்டியல் போடுவார்கள், வாதாடுவார்கள், கோபித்துக்கொள்வார்கள். எந்தத் தனி விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று பார்த்து, யார் யாரைச் சந்திக்கிறார்கள் என ஊகிப்பவர்களும் உண்டு. எனக்கு ஊரே கூடி மாப்பிள்ளை பார்ப்பதுபோல் தெரிகிறது.

பேச்சு எங்கே தொடங்கினாலும் 2017இல் வந்து நிற்கும். அந்த ஆண்டு டென்னசி பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த கிரெக் ஷியானோ என்பவரை ரசிகர்கள் ஒரே நாளில் வரவிடாமல் செய்துவிட்டார்களாம். "அன்று நாங்கள் கிளர்ந்தெழாமல் இருந்திருந்தால் இன்று எங்களுக்குப் பயிற்சியாளராக ஜாஷ் ஹைப்பல் கிடைத்திருப்பாரா?" என்று பெருமையுடன் கேட்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். அவர் சொல்வது சரியா? பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதில் ரசிகர்களுக்கு என்ன வேலை? நீங்கள் ரசிகர்களை எப்போதும் கேலி செய்கிறவர் என்பதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

மாப்பிள்ளை உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிக்காத மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப எந்த வீட்டிலும் எண்பது லட்சம் டாலர் எடுத்துவைப்பதில்லை. 2017 நவம்பர் 12 அன்று பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸை நீக்கியபோது டென்னசி ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்தது ஏறத்தாழ அவ்வளவு. 2023இல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவைக்க டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு உலகில் வேறு யாருக்கும் இவ்வளவு கூலி கிடைக்குமா என்று தெரியவில்லை.

இந்தப் பணம் ரசிகர்களிடமிருந்துதான் வருகிறது. டிக்கெட், நன்கொடை, அவர்கள் பார்ப்பதற்காகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்கும் தொகை, எல்லாவற்றின் ஊற்றும் அவர்களே. நாக்ஸ்வில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். அங்குள்ள நேலண்ட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரலாம். பெரிய தொழில்முறை அணி எதுவும் உங்கள் ஊரில் கிடையாது. பல்கலைக்கழகமோ அரசுடையது. ஆகவே அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லா வேலையும் உண்டு.

அவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதுதான் எனக்குச் சுவாரசியமானது.

2017ஐ எடுத்துக்கொள்வோம். டென்னசி அந்த ஆண்டு 4 ஆட்டங்களில் வென்று 8 ஆட்டங்களில் தோற்றது. ஒரே பருவத்தில் எட்டுத் தோல்வி அதன் வரலாற்றிலேயே முதல் தடவை. தான் சேர்ந்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் ஆடிய எட்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. 1998இல் தேசிய வாகையர் பட்டம் வென்ற அணி இது. அந்தப் பட்டத்தைப் பெற்றுத்தந்த ஃபிலிப் ஃபுல்மரை 2008இல் அனுப்பினார்கள். அடுத்து வந்த லேன் கிஃபின் ஒரே பருவம் இருந்துவிட்டு 2010 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்ப, மாணவர்கள் தெருவில் மெத்தைகளை எரித்தார்கள். பிறகு டெரிக் டூலி, பிறகு ஜோன்ஸ். பருவம் பாழாய்ப் போனபின் ரசிகனுக்கு மிஞ்சுவது காலியான நாற்காலி ஒன்றுதான். அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை என்பதால் அங்கே யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்துப் பார்க்கலாம்.

நாக்ஸ்வில் ரசிகர்கள் உட்காரவைத்துப் பார்த்தவர் ஜான் குரூடன். தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற பயிற்சியாளர், அப்போது தொலைக்காட்சி வர்ணனையாளர். எண்பதுகளில் டென்னசியில் உதவியாளராக இருந்தவர். அவருடைய மனைவி அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். இவ்வளவு போதுமே. நாற்காலி காலியாகும்போதெல்லாம் அவர் பெயர் வரும், அவர் மட்டும் வரமாட்டார். இன்னொரு கூட்டத்துக்கு 1998 அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், டீ மார்ட்டின் வேண்டும். நம்ம பிள்ளை என்பது வாதம். மூன்றாவது கூட்டம் அந்த ஆண்டு மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியைத் தோல்வியே இல்லாமல் நடத்திக்கொண்டிருந்த ஸ்காட் ஃபிராஸ்டை விரும்பியது. இந்த ஃபிராஸ்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியல்களால் உறுதியாக லாபம் அடைகிறவர்கள் பயிற்சியாளர்களின் முகவர்கள். தன் ஆளின் பெயர் வேறொரு ஊரில் அடிபட்டால் சொந்த ஊரில் சம்பளம் உயரும். விமானங்களைத் துரத்தும் உங்கள் சகப் பணியாளர்கள் அந்த வகையில் யாருக்கோ சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கர்ரி ஷியானோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று பிற்பகலில் செய்தி வந்தது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகியிருந்தது. ஷியானோ அப்போது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தற்காப்புப் பிரிவின் பயிற்சியாளர். அதற்கு முன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நலிந்த அணியை நிமிர்த்தியவர். தொழில்முறைக் கால்பந்தில் இரண்டு பருவங்களில் 11 வெற்றி, 21 தோல்வி என்று சறுக்கியவரும் அவரே. குரூடனைக் கனவு கண்டவர்களுக்கு இவர் ஏமாற்றம்தான். ஆனால் ஏமாற்றம் மட்டும் ஓர் ஒப்பந்தத்தை ஒரே மாலையில் உடைத்துவிடாது.

உடைத்தது வேறொன்று. தொண்ணூறுகளின் முற்பாதியில் ஷியானோ பென் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே நீண்ட காலம் உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றிய ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்ததற்காக 2012இல் தண்டிக்கப்பட்டவர். 2016இல் வெளியான ஒரு நீதிமன்ற வாக்குமூலத்தில், ஷியானோ எதையோ பார்த்ததாக இன்னொருவர் தன்னிடம் சொன்னார் என்று ஒரு முன்னாள் உதவிப் பயிற்சியாளர் கூறியிருந்தார். கேட்டதை வைத்துச் சொன்னது. சொன்னதாகக் குறிப்பிடப்பட்டவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ஷியானோவும் முற்றாக மறுத்தார். அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. பென் ஸ்டேட் விவகாரத்தை விசாரித்த 2012ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் பெயரும் இல்லை.

அந்த ஞாயிறன்று இதையெல்லாம் யார் வாசித்துக்கொண்டிருந்தார்கள்? வளாகத்தில் மாணவர்கள் வண்ணம் பூசி எழுதும் பெரிய பாறை ஒன்று உண்டு. அதில் ஷியானோ குற்றத்தை மூடிமறைத்தார் என்று, சந்தேகத்துக்கே இடமில்லாத வாசகமாக எழுதிவிட்டார்கள். மைதானத்துக்கு வெளியே கூட்டம் கூடியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரே எதிர்ப்பை அறிவித்தார்கள். அன்றைய பொழுது முடிவதற்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கிவிட்டது.

உங்கள் மூத்தவர் பெருமைப்படும் அந்த நாளில் எனக்கு உறுத்துவது இதுதான். கூட்டத்தில் அந்தக் குற்றச்சாட்டை உண்மையிலேயே நம்பி, மனம் கொதித்து வந்தவர்கள் இருந்திருப்பார்கள்; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும் வெற்றிகளுடன் வந்த ஒருவரைப் பற்றி இதே வாக்குமூலம் இருந்திருந்தால் எத்தனை பேர் பாறையில் எழுதியிருப்பார்கள்? குரூடன் பெயருக்குப் பக்கத்தில் இது இருந்திருந்தால்? 'இவர் எங்களுக்குப் போதாது' என்று சொல்ல ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே கேட்கவைக்கும் ஆயுதம் ஒன்று கையருகே கிடந்தபோது, அது எவ்வளவு கனமானது என்று பார்க்காமலே எடுத்து வீசினான். ஒரு மனிதரின் பெயர்மீது அது விழுந்தது.

பிறகு நடந்தது ஒரு கோமாளிக்கூத்து. ஓக்லஹோமா ஸ்டேட்டின் மைக் கண்டி, பர்டூவின் ஜெஃப் பிராம், நார்த் கரோலினா ஸ்டேட்டின் டேவ் டோரன் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. ஒவ்வொருவரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். கர்ரி வாஷிங்டன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் மைக் லீச்சைச் சந்தித்துப் பேசினார். ரசிகர்களுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் டிசம்பர் 1 அன்று கர்ரியையே பணியிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அவருக்கும் பின்னர் 25 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கு முடிந்தது. அவர் இடத்தில் வந்தவர் யார் என்கிறீர்கள்? 2008இல் அனுப்பப்பட்ட அதே ஃபுல்மர்.

ஃபுல்மர் டிசம்பர் 7 அன்று ஜெரமி புரூயிட்டை அறிவித்தார். அலபாமாவில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனிடம் தற்காப்புப் பிரிவைப் பார்த்தவர். அவசரம் புரிந்துகொள்ளக்கூடியதே: உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழக அணிகளில் சேர டிசம்பரிலேயே கையெழுத்திடும் ஏற்பாடு அந்த ஆண்டுதான் முதன்முறையாக வந்திருந்தது, இரண்டு வாரம்கூட மிச்சமில்லை. சேபனின் இன்னொரு சீடரான கெர்பி ஸ்மார்ட் பக்கத்து ஜார்ஜியாவில் வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்ததால் ரசிகர்களும் தலையாட்டினார்கள். பாறையில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

புரூயிட் மூன்று பருவங்களில் 16 வென்று 19 தோற்றார். அதுவாவது பரவாயில்லை. ஆட்டக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் விதியை மீறிப் பணம் போனது தெரிந்து 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். மிகக் கடுமையான வகையைச் சேர்ந்த 18 மீறல்கள் என்று தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு கண்டறிந்து, 2023இல் பல்கலைக்கழகத்துக்கு எண்பது லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஜோன்ஸை அனுப்பச் செலவான அதே அளவு.

இப்போது உங்கள் மூத்தவரின் கேள்வி. புரூயிட் போனதோடு ஃபுல்மரும் ஓய்வுபெற்றார். புதிய இயக்குநராக டேனி வைட் மத்திய ஃபுளோரிடாவிலிருந்து வந்தார். வந்ததும் அங்கே தன்னிடம் பயிற்சியாளராக இருந்த ஜாஷ் ஹைப்பலை அழைத்துக்கொண்டார். 2022 அக்டோபர் 15, சனிக்கிழமை அன்று டென்னசி அலபாமாவை 52–49 என்று வென்றது. அந்த அணியிடம் தொடர்ந்து பதினைந்து முறை தோற்றபின் கிடைத்த வெற்றி. ரசிகர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். அந்த மகிழ்ச்சியை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தச் சனிக்கிழமைக்கு வரும் பாதை ஓர் ஊழல், ஓர் அபராதம், ஓர் இயக்குநர் பதவி காலியானது ஆகியவற்றின் வழியாகப் போகிறது. இதில் எதையும் திட்டமிட்டவர் இல்லை. புரூயிட் விதிக்குட்பட்டுச் சுமாராக வென்றிருந்தாலே ஹைப்பல் வந்திருக்கமாட்டார். இதை ரசிகர்களின் சாதனை என்றால், புரூயிட்டின் சாதனை என்றும் சொல்லலாம்.

ஃபிராஸ்டை நினைவில் வைக்கச் சொன்னேன். 2017 டிசம்பரில் அவர் நெப்ராஸ்காவுக்குப் போனார். அந்த அணிக்கு 1997இல் பட்டம் வென்றுகொடுத்த குவார்ட்டர்பேக் அவர். நம்ம பிள்ளை, வளரும் நட்சத்திரம், அந்த ஆண்டு தோல்வியே அறியாதவர், மூன்று வாதமும் ஒரே ஆளிடம். அந்த ஆண்டின் மிகச் சிறந்த தேர்வு என்று நிபுணர்களும் சொன்னார்கள். 16 வெற்றி, 31 தோல்வியோடு 2022இல் நீக்கப்பட்டார். அவர் விட்டுப்போன நாற்காலியில் மத்திய ஃபுளோரிடா உட்காரவைத்த ஆள்தான் ஹைப்பல்! அப்போது மிசௌரி அணியின் தாக்குதல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

2017 பருவத்தின் மற்ற நியமனங்களும் அப்படித்தான். ஃபுளோரிடா ஸ்டேட்டின் வில்லி டாகர்ட்டும் ஆர்கன்சாவின் சாட் மோரிஸும் 2019இல் போனார்கள். ஃபுளோரிடாவின் டான் மல்லன் 2021இல். ஜிம்போ ஃபிஷர் கதையை மேலே சொன்னேன். இவர்களை எல்லாம் தேர்ந்தெடுத்தவர்கள் முழுநேர இயக்குநர்கள், கட்டணம் வாங்கும் ஆலோசனை நிறுவனங்கள். ஒருவர் அணிக்கு ஆள் சேர்க்கப் பதினேழு வயதுப் பையனின் வீட்டில் உட்கார்ந்து அவன் தாயிடம் எப்படிப் பேசுவார், உதவியாளர்களை எப்படிப் பொறுக்குவார் என்பதெல்லாம் வேலையில் அமர்ந்த பிறகே தெரிகிறது. ரசிகனுக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது.

ரசிகனுக்கு உறுதியாகத் தெரிவது, யாருக்காகத் தான் மைதானத்துக்கு வரமாட்டான் என்பது. அது சின்ன விஷயமல்ல. ஒரு லட்சம் இருக்கைகளை நிரப்பவேண்டிய நிர்வாகம் அதை முன்கூட்டியே கேட்டிருக்கவேண்டும். கர்ரி கேட்கவில்லை. ஆகவே தடுக்கும் சக்தி அவர்களிடம் இருக்கிறது. நல்லவரைக் கொண்டுவரும் சக்தி அவர்களிடம் இருப்பதாக 2017 எனக்குக் காட்டவில்லை. தடுத்ததற்கும் பின்னால் கிடைத்ததற்கும் முடிச்சுப் போடுவது, ஜெயித்தபின் எழுதப்படும் வரலாறு.

மூத்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 2021 ஜனவரி 27 அன்று ஹைப்பல் பெயரை அறிவித்தபோது அவர் என்ன சொன்னார்? மத்திய ஃபுளோரிடாவில் ஹைப்பலின் அணி 12 வெற்றி, 10 வெற்றி, 6 வெற்றி என்று ஆண்டுக்கு ஆண்டு இறங்கியிருந்தது. ஃபிராஸ்ட் விட்டுச்சென்ற ஆட்டக்காரர்களைக் கொண்டு வென்றவர், இயக்குநர் தன் ஆளையே கூட்டிவந்துவிட்டார் என்ற முணுமுணுப்புத்தான் அன்று நான் அதிகம் படித்தது. அவர் பதிலை எனக்கும் எழுதுங்கள்.