மலைக்கு அப்புறம் போகலாம், முதலில் அந்தப் படிவத்தைத் திருத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 56. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் அங்கே போய் செப்டம்பர் வரை தங்கப் போகிறேன். போனவுடன் வயோமிங் மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஏழு நாள் தங்கிக் குதிரை ஏறுவது, மந்தை ஓட்டுபவர்களோடு கூடப் போவது, அது முடிந்த கையோடு ஐந்து நாள் குதிரையிலேயே மலைக்காட்டுக்குள் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது என்று மகள் திட்டம் போட்டிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் ஏறியது ஒரே ஒரு தடவை, மலைவாசஸ்தலம் ஒன்றில், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க. பண்ணை அனுப்பிய படிவத்தில் மருமகன் என்னை ‘ஓரளவு அனுபவம் உள்ளவர்’ என்று குறித்துவிட்டார். இல்லாவிட்டால் சோம்பேறிக் குதிரையைத் தந்துவிடுவார்களாம். எனக்கு லேசான ரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் உண்டு. சைவம். ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா?’ என்கிறார் கணவர். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். பண்ணைக்கு ஜூனிலேயே போங்கள். மலைக்காட்டை மட்டும் ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், மருமகன் நிரப்பிய அந்தப் படிவத்தைத் திருத்தி இன்றைக்கே திரும்ப அனுப்பிவிடுங்கள்.

பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரை ராங்லர் என்பார்கள். லாயத்தில் இருக்கும் ஒவ்வொரு குதிரையின் குணமும் அவருக்கு அத்துப்படி. எது தண்ணீரைக் கண்டால் மிரளும், எது பின்னால் வரும் குதிரையை உதைக்கும், எது பாதி வழியில் புல்லுக்குத் தலையைக் குனியும் என்பதெல்லாம் தெரியும். உங்களைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. படிவத்தில் இருப்பதை வைத்துத்தான் எந்தக் குதிரையை உங்களுக்குத் தருவது என்று யோசிப்பார்.

‘ஓரளவு அனுபவம்’ என்றால் அங்கே என்ன அர்த்தம் தெரியுமா? திறந்த வெளியில், யாரும் கயிற்றைப் பிடிக்காமல், நீங்களாகவே குதிரையை நடக்க விட்டு, ட்ராட் என்கிற குலுங்கு ஓட்டத்துக்கும் அதற்கு மேல் பாய்ச்சலுக்கும் கொண்டுபோய், திருப்பி, நிறுத்தத் தெரியும் என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குத் தருவது குதிகால் லேசாகப் பட்டாலே புரிந்துகொண்டு கிளம்புகிற குதிரை. புதிதாக ஏறுபவர் பயத்தில் என்ன செய்வார்? இரண்டு காலாலும் குதிரையின் விலாவை இறுக்குவார். ‘வேகமாகப் போ’ என்று அதற்குப் புரியும். வேகம் கூடியதும் அவர் கடிவாளத்தை இழுப்பார், காலை இன்னும் இறுக்குவார். போகச் சொல்கிறார்களா, நிற்கச் சொல்கிறார்களா என்று குதிரை குழம்பிப்போகும். புதியவர்கள் பலர் கீழே விழுவது இப்படித்தான்.

மருமகன் சொல்லும் அந்த ‘சோம்பேறிக் குதிரை’ பெரும்பாலும் 15 வயதைத் தாண்டிய, நூற்றுக்கணக்கானவர்களைச் சுமந்து பழகிய, இடி இடித்தாலும் அசராத குதிரை. பண்ணையில் விலைமதிப்பில்லாதது அதுதான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பயம் இருக்கிறது என்றும் எழுதிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எடையையும் உள்ளபடி எழுதுங்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரை முதுகில் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 500 கிலோ குதிரை என்றால் 100 கிலோ. அந்த நூறில் சேணமும் அடக்கம். அங்கே போடும் சேணமே பெரும்பாலும் 15 கிலோவுக்குக் குறையாது. நீங்கள் குறைத்து எழுதும் ஒவ்வொரு கிலோவையும் அந்தக் குதிரையின் முதுகுதான் சுமக்கும்.

சரி, இது எந்த வகைப் பண்ணை என்று மகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விருந்தினருக்காகவே நடத்தும் பண்ணைகள் உண்டு. ‘டியூட் ரான்ச்’ என்பார்கள். இதைத் தொடங்கிவைத்தவர்கள் ஈட்டன் சகோதரர்கள். 1880களில் வட டகோட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். பார்க்க வந்த நண்பர்கள் வாரக்கணக்கில் தங்க ஆரம்பிக்கவே, செலவுக்குப் பணம் வாங்கத் தொடங்கினார்கள். 1904இல் வயோமிங்கில் பிக்ஹார்ன் மலையடிவாரத்துக்கு இடம் மாறினார்கள். இப்படிப் பல பண்ணைகள் பெருகி, 1926இல் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி இடங்களில் உங்களைச் சுற்றித்தான் நாள் நடக்கும். இன்னொரு வகை, உண்மையிலேயே மாடு வளர்த்துப் பிழைக்கும் பண்ணை. அங்கே மாட்டைச் சுற்றி நாள் நடக்கும். வேலி உடைந்துபோனால் உங்கள் சவாரி நின்றுபோகும். உங்களுக்கு முதல் வகை நல்லது. ஆனால் மந்தை ஓட்டும் வாய்ப்பும் தருகிற இடமாகப் பாருங்கள், ஏனென்றால் ஜூன் மாதம் அதற்குப் பொருத்தமான மாதம்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கன்று ஈன்ற மாடுகளை, ஜூன் வாக்கில், மலைமேல் இருக்கும் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். புதியவர்களை மந்தைக்குப் பின்னால் விடுவது வழக்கம். புழுதி எல்லாம் அங்கேதான், மூக்குக்குக் கைக்குட்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கன்றுகளும் அங்கேதான் வரும். கால் ஓய்ந்து பின்தங்குவது அவைதானே. மாட்டை விரட்டக்கூடாது, கத்தக்கூடாது. ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. உங்கள் குதிரை அந்த எல்லைக்குள் ஓர் அடி வைத்தால் மாடு நகரும், வெளியே வந்துவிட்டால் நின்றுவிடும். அதன் தோளுக்குப் பின்னால் நீங்கள் இருந்தால் முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் நிற்கும், இல்லை திரும்பும். இது கைவந்துவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் மந்தை நகரும்.

மேலே போய்ச் சேர்ந்தவுடன் எல்லோரும் கிளம்பிவிட மாட்டார்கள். மந்தையைச் சுற்றிக் குதிரைகளை நிறுத்தி வைத்துக் காத்திருப்பார்கள். வழியில் பிரிந்த தாயும் கன்றும் ஒன்றையொன்று கத்திக் கூப்பிட்டுத் தேடும். கன்று ஓடிவந்து மடியில் முட்டும், தாய் பின்பக்கம் முகர்ந்து பார்க்கும், தன்னுடையது இல்லை என்றால் உதறித் தள்ளிவிடும். தன்னுடையது என்றால் அசையாமல் நின்று பால் கொடுக்கும். ஜோடி சேராமல் விட்டுப்போனால் கன்றைத் தேடித் தாய் பழைய இடத்துக்கே இறங்கிப் போய்விடும். அதனால்தான் இந்தக் காத்திருப்பு. இந்த ஒன்றுக்காகவே நீங்கள் ஜூனில் போக வேண்டும் என்பேன்.

நீங்கள் சைவம் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்தில் விற்கப்படும், இறைச்சிக்காகத்தான். இது மனதை உறுத்தும் என்றால், மாட்டு வேலை இல்லாத, குதிரைச் சவாரி மட்டும் உள்ள பண்ணைகளும் இருக்கின்றன, அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு தெரிந்து வருந்துவதைவிட இப்போதே முடிவு செய்வது நல்லது. சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீனும் கோழிச் சாறும் வந்து நிற்கலாம். மீன், முட்டை, இறைச்சிச் சாறு, மாட்டுக் கொழுப்பு என ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

அடுத்து உடம்பு. மருத்துவரிடம் போய் ‘வெளியூர் போகிறேன்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘தினமும் சில மணி நேரம் குதிரை ஏறப்போகிறேன், கீழே விழ வாய்ப்பு உண்டு, உயரமான இடம்’ என்று சொல்லுங்கள். எலும்பின் உறுதியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இது முக்கியம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் ஏறவே வேண்டாம். சவாரியில் வரும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம் அங்கவடி, அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையம், குட்டையாகத் தொங்குவது. ஒரு துளை இறக்கிக் கட்டச் சொன்னால் பாதி வலி குறையும். ஏறும்போது தரையிலிருந்து தாவ வேண்டாம், ஏறுவதற்கென்று மரப்படி இருக்கும், கேளுங்கள். குதிரைக்கும் அதுதான் நல்லது. இப்போதிருந்தே மாடிப்படி ஏறி இறங்குங்கள், தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யுங்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன் குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் சில வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலணிக்குச் சின்னதாகக் குதிகால் இருக்க வேண்டும், அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். பள்ளம் பள்ளமான நடைக்காலணி அங்கவடியில் மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா மாதிரித் தொங்குகிற எதுவும் வேண்டாம். சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மாட்டும். அங்கே பலர் தொப்பியோடு சவாரி செய்வார்கள். நீங்கள் ஹெல்மெட் கேளுங்கள், அதுவும் குதிரையேற்றத்துக்கென்றே செய்தது.

இன்னொன்று. சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வாரை இறுக்கும்போது சில குதிரைகள் உடம்பை விறைத்து வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் உடம்பு இளகும், வார் தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ராங்லர் எல்லோரையும் நிறுத்தி வாரைச் சரிபார்க்க வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

இப்போது மலைக்கு வருவோம். ராக்கி மலையின் உயரமான பாதைகளில் ஜூன் மாதம் பனி கிடக்கும். பனி உருகுவதால் ஓடைகளில் வெள்ளம் பெருகி ஓடும். குதிரையில் அதைக் கடப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை பாதைகள் நன்றாக இருக்கும். நீங்களோ செப்டம்பர் வரை அங்கேதான் இருக்கப் போகிறீர்கள். ஒரே மூச்சில் பன்னிரண்டு நாள் எதற்கு? பண்ணை வாரம் முடிந்ததும் மகள் வீட்டுக்குத் திரும்பி, புண்ணான இடமெல்லாம் ஆறியதும், அங்கே பக்கத்தில் எங்காவது வாரம் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டு, ஆகஸ்டில் போங்கள்.

அந்த மலைக்காடு சாதாரணக் காடு இல்லை. 1964இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, சில நிலங்களை வனாந்தரமாகவே விட்டுவைக்க வேண்டும் என்றது. உள்ளே சாலை கிடையாது, கார் கிடையாது, சைக்கிள்கூடக் கூடாது. காலால் நடக்கலாம், இல்லை குதிரையில் போகலாம், அவ்வளவுதான். வயோமிங்கில் ஷோஷோனி என்கிற பூர்வகுடி மக்களின் தலைவர் வஷாக்கியின் பெயரில் இருக்கும் வனாந்தரம் மட்டுமே 7 லட்சம் ஏக்கருக்கு மேல். சாமான் முழுக்கக் கோவேறு கழுதை அல்லது சுமைக் குதிரையின் முதுகில்தான் போகும். இரண்டு பக்கப் பெட்டியும் ஒரே எடையா என்று தராசில் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு பக்கம் கனத்தால் அதன் முதுகு புண்ணாகிவிடும். ஆகவே ‘பத்து கிலோவுக்கு மேல் கொண்டு வராதே’ என்று சொன்னால் பதினொன்று கொண்டுபோகாதீர்கள்.

வஷாக்கி உட்பட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள மலைகளில் கிரிஸ்லி கரடி உண்டு. இரவில் சாப்பாட்டை மட்டுமல்ல, பற்பசை, முகக் கிரீம் எல்லாவற்றையும் மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுவார்கள். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக்கூடாது. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அதை இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், சேணப்பையில் வைக்காதீர்கள். நீங்கள் கீழே விழுந்து குதிரை ஓடிவிட்டால் பையும் அதோடு போய்விடும்.

கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சாலை இல்லாத இடத்தில் கால் முறிந்தால் ஹெலிகாப்டர்தான் வர வேண்டும். பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் பலவற்றில் குதிரைச் சவாரி சேராது. ஏற்கனவே இருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் விலக்கு வைத்திருப்பார்கள். குதிரைச் சவாரிக்கும் அவசர மீட்புக்கும் சேர்த்துப் பணம் தரும் பாலிசி எடுத்து, அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். பண்ணையில் ஒரு பொறுப்புத்துறப்புப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், படித்துவிட்டுப் போடுங்கள். முடிந்தால் கணவரையும் பண்ணைக்கு அழைத்துப் போங்கள், குதிரை ஏறாமல் தங்கவும் அனுமதிக்கிற இடங்கள் உண்டு. பணம் பற்றி ஒரு வார்த்தை: வாரத்துக்கு ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதற்கு மேல் பணியாளர்களுக்கு 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம். மகள் அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

மலைப் பயணத்துக்கு இப்போதே முழுப் பணம் கட்ட வேண்டாம். பண்ணை வாரத்தின் கடைசி நாள் ராங்லரிடம், ‘ஆகஸ்டில் என்னை மலைக்கு அனுப்புவீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். ஏழு நாள் உங்களைப் பார்த்தவர் அவர். தாராளமாக என்றால் ஐந்து நாளும் போய்வாருங்கள். அவர் தயங்கினால், தினமும் கூடாரத்தைப் பிரித்து இடம் மாறும் பயணத்தை விட்டுவிட்டு, ஒரே முகாமில் இரண்டு மூன்று இரவு தங்கி அங்கிருந்து பகலில் மட்டும் சவாரி போகிற ஏற்பாட்டைக் கேளுங்கள். உங்கள் முழங்காலுக்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. காலையில் வலித்தால் அன்றைக்கு ஏறாமல் முகாமிலேயே இருந்துவிடலாம்.