பிரிட்டனில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லரின் புகைக்குழாயை நாமே மாட்டலாமா?

வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர் கேஸ் சேஃப் (Gas Safe) எனும், தகுதிபெற்ற கேஸ் வேலைக்காரர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் குழாயின் சரிவைக் கவனியுங்கள். புகையின் வெப்பத்தையும் பயன்படுத்தும் கண்டென்சிங் பாய்லரின் புகையில் நீராவி அதிகம். அது குழாய்க்குள்ளேயே குளிர்ந்து, லேசான அமிலத்தன்மையுள்ள நீராகும். படுக்கைவாட்டில் போகும் குழாய் பாய்லரை நோக்கிச் சற்றே சரிந்திருந்தால்தான் அந்த நீர் திரும்பி வடிகாலுக்குப் போகும். வெளிப்பக்கம் சரிந்தால் சுவரில் சொட்டும், குளிர்காலத்தில் உறையும்.

குழாய் வெளியே முடியும் வாய்ப்பகுதி, திறக்கும் ஜன்னலிலிருந்து பொதுவாக 300 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். அப்புறம், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். தலைவலி, மயக்கம் வந்தால் உடனே வெளியேறி, கேஸ் அவசர உதவி எண்ணான 0800 111 999-க்கு அழையுங்கள்.