மேடைக்கும் வீட்டுக்கும் ஏற்ற கிட்டார் ஆம்ப் எது?

கேள்வி: எங்கள் மெல்லிசைக் குழு திருமண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பழைய மெலடி முதல் ராக் பாடல்கள் வரை வாசிக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் எது?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஒரே இரவில் பல பாணிகளை வாசிப்பவர் முதலில் சோதிக்க வேண்டியது ஆம்ப்பின் தெளிந்த ஒலியைத்தான். ஒலியளவை ஏற்றிய பிறகும் ஸ்வரங்கள் உடையாமல் நின்றால், ராக் பாடலுக்கு வேண்டிய கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலியைக் காலால் இயக்கும் பெடல் கருவி மூலம் சேர்த்துக்கொள்ளலாம். உடைந்த ஒலியைத் தெளிவாக்கும் பெடல் கிடையாது. வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 50 வாட் 100 ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வேறுபாடுதான். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க 12 அங்குல ஸ்பீக்கருள்ள 50 வாட் ஆம்ப் பெரும்பாலும் போதும். திறந்தவெளித் திருவிழாவில், ஆம்ப்பின் முன் மைக் வைத்தால் மிச்சத்தை மேடையின் ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும்.

85 வாட் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்பின் ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏறத்தாழ 29 கிலோ எடையுள்ள அந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பை உங்கள் பகுதியின் குறுகிய மாடிப்படிகளில் இறக்கி ஆட்டோவில் ஏற்றுவது பெரும்பாடு. என் பரிந்துரை பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 ஆம்ப். அதன் ஆற்றலை 0.5 வாட் வரை குறைக்க முடிவதால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் பயிற்சி செய்யலாம். கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துச் சென்று, மேடை அளவுக்கு ஒலியை ஏற்றி, ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டிக் கேட்ட பிறகே வாங்குங்கள்.