சட்டமே வரவில்லை, பதிவுக்குக் காசா?

கேள்வி: 2012இல் படகில் வந்தேன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மெல்பேர்னில் பிரிட்ஜிங் விசாவில் (தற்காலிக இடைக்கால விசா) இருக்கிறேன். ‘அவுஸ்திரேலியாவில் மனித உரிமைச் சட்டம் வரப்போகிறது, இப்போதே பெயர் பதிந்தால் நிரந்தர விசா’ என்று டண்டினோங்கில் ஒருவர் 1,500 டொலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம். பெயர் பதிய அங்கே ஒன்றுமே இல்லை.

நாடு முழுவதற்குமான மனித உரிமைச் சட்டம் இங்கே இன்னும் இல்லை, பேச்சுத்தான் இருக்கிறது. 2009இல் அரசே கருத்துக் கேட்க அமைத்த பிரென்னன் குழு, அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றது; அடுத்த வருடமே அரசு கைவிட்டது. 2024 மே மாதம் நாடாளுமன்றக் கூட்டுக்குழு மறுபடி பரிந்துரைத்தது. நியூசிலாந்து 1990இலேயே முடித்த வேலை இது. இங்கே குழுவுக்கு மேல் குழு. நாளைக்கே சட்டம் வந்தாலும், பரிந்துரைத்த வடிவில், நாடாளுமன்றம் தெளிவாக எழுதிவைத்த குடிவரவுச் சட்டத்தை நீதிமன்றம் ரத்துச் செய்ய முடியாது.

‘நம்ம விக்டோரியா மாநிலத்தில் ஏற்கனவே இருக்கிறதே’ என்று அவர் ஒரு தாளை நீட்டுவார். விக்டோரியாவின் 2006ஆம் ஆண்டு மனித உரிமைச் சாசனம் உண்மைதான். ஆனால் அது மாநில அரசைத்தான் கட்டும். விசா மத்திய அரசின் கையில். இதில் எல்லோரும் தடுமாறுவதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். உள்ளூர் கவுன்சிலோ, உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பாடசாலையோ உங்களை மோசமாக நடத்தினால், அங்கே சாசனம் உங்களுக்கும் உண்டு. பிரஜையாக இருக்கத் தேவையில்லை, எந்த விசாவில் இருந்தாலும் சரி. அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாநில ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். ஆனால் விசாவுக்கு இது உதவாது.

சரி, அந்த மனிதரிடம் வருவோம். குடிவரவு முகவர் என்றால் ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும். முகவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஓமாராவின் (OMARA) இணையப் பதிவேட்டில் அதைத் தட்டிப் பாருங்கள். பெயரும் ஒத்துவர வேண்டும். ‘அண்ணரின் நம்பர், நான் அவரோடுதான் வேலை’ என்றால் எழும்பி வந்துவிடுங்கள். போன மாதம் ஒரு அம்மா என்னிடம் கொண்டுவந்த ‘ரசீது’ சாப்பாட்டுக்கடை பில் புத்தகத்தில் கிழித்தது. அதில் எழுதியிருந்த முகவர் எண்ணில் ஆறு இலக்கம்தான் இருந்தது. வழக்கறிஞருக்கு மட்டும் அந்த எண் வேண்டாம், தொழில் அனுமதிப் பத்திரம் போதும்.

காசை விட எனக்குப் பயம் கையெழுத்துத்தான். 956ஏ என்பது உங்கள் கடிதங்களை வாங்க இன்னொருவரை நியமிக்கும் படிவம். அதில் வைத்தீர்களென்றால் குடிவரவுத் திணைக்களம் அனுப்பும் கடிதமெல்லாம் அவர் கைக்குப் போகும். உங்கள் கெடு முடிந்தது கூட உங்களுக்குத் தெரியாது. ஏற்கனவே வைத்துவிட்டீர்களா? அந்த நியமனத்தை நீக்கச் சொல்லி இன்றைக்கே திணைக்களத்துக்கு எழுதுங்கள். அப்புறம் அகதிகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் ரெஃப்யூஜி லீகல் (Refugee Legal) அமைப்புக்குப் போங்கள். காத்திருக்க வேண்டிவரும், ஆனால் காசு கேட்க மாட்டார்கள்.